சீசன் டிக்கெட்டும் நாற்று ஏறிய காரும்

ஐம்பத்தோராவது வயதில் எனக்குத் தெரியவந்தது, பதினாலு மாதமாக நான் லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. ஐம்பது முடிந்த அன்றோடு என் லைசென்ஸின் காலம் தீர்ந்துவிட்டது. அட்டையில் தேதி தெளிவாகத்தான் அச்சாகியிருந்தது. பர்ஸில் இருந்த அதை நான் எடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எதற்கோ லைசென்ஸையும் கேட்டாள். வாங்கிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது தீர்ந்திட்டு கொல்லம் ஒண்ணு கழிஞ்ஞல்லோ" என்று, காலம் முடிந்து வருடம் ஒன்று தாண்டிவிட்டதை மலையாளத்தில் மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பாள். நல்ல பெண்.

ஒரு வருடத்துக்குள் போயிருந்தால் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கலாம். தாண்டிவிட்டதால் மறுபடியும் டெஸ்ட். அதற்குத் தேதி கிடைக்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்றாள்.

எங்கள் ஊர் கஞ்சிக்கோட்டுக்குத் தெற்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. கேரளத்தில் குடியிருந்துகொண்டு தமிழ்நாட்டில் வேலை செய்யும் ஆட்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். நான் கோயம்புத்தூரில் ஒரு பல் லேபில் இருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவதைப் பார்த்து, மெழுகில் பல் செதுக்கி, செட் பல்லும் கேப்பும் செய்து கொடுக்கும் வேலை. பதினைந்து வருடமாக வாளையார் எல்லை தாண்டி, டோல் கட்டி, காரில் போய்க் காரில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. அதில் நின்று போகும் பாசஞ்சர் வண்டி என் லேபுக்கு நடந்துபோகும் தூரத்தில் இறக்கிவிடும் என்பதும் தெரியும். மாத சீசன் டிக்கெட் என்ன விலை என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை இந்தச் செய்தி. திங்கள்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். காரைத் தொடவே பயமாக இருந்தது. முந்தின நாள்வரை அதே சாலையில், அதே செக்போஸ்ட்டில், போலீஸ்காரருக்குக் கையசைத்துவிட்டுப் போன ஆள்தான் நான்.

"நான் ஸ்டேஷன்ல கொண்டுபோய் உடறனுங்க" என்றாள் மனைவி.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. எட்டு வருடம் முன்பு எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போனபோது எடுத்தது. அதன் பிறகு நாலைந்து தடவை தோப்புக்குள் ஓட்டியிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கியர், கிளட்ச் என்று கத்தியதில் விட்டுவிட்டாள். கார் என் வேலைக்குத்தானே போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கள்கிழமை காலை அவள் ஓட்டியபோது வண்டி இரண்டு இடத்தில் நின்றுபோனது. பால் லாரி எதிரே வந்தபோது என் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. அவள் அதைப் பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டபோது அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது.

கவுன்ட்டரில் இருந்தவரிடம் சீசன் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் ஒரு வாரத்துக்கா என்று கேட்டேன். மாசத்துக்கு என்றார். போகவரவா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். நான் ஒரே ஒரு நாள் கோயம்புத்தூர் போய்வர எரிக்கும் பெட்ரோலைவிட அது குறைவு. டோலும் பார்க்கிங்கும் தனி.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றபோது எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு மலிவு என்றால் ஏன் எல்லோரும் இதில் போகவில்லை? பக்கத்து ரோட்டில் அத்தனை கார் ஏன் ஓடுகிறது? நான் ஏன் பதினைந்து வருடம் ஓட்டினேன்? எங்கேயோ ஒரு இடத்தில் இதற்கான விலையை வாங்காமல் விடமாட்டார்கள் என்று தோன்றியது. அது எங்கே என்று பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் நாலு நாள் உட்கார இடம் கிடைக்கவில்லை. பாலக்காட்டிலேயே ஏறியவர்கள் சன்னலோரம் பிடித்திருந்தார்கள். நின்றுகொண்டு போனதில் ஒரு லாபம், எல்லோருடைய வாயும் தெரிந்தது. இது என் தொழில் புத்தி. கார் ஓட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் நான் லேபில் பிளாஸ்டர் வார்ப்பில்தான் வாய்களைப் பார்த்தேன். ரயிலில் அவை பேசின, கொட்டாவி விட்டன, முறுக்குக் கடித்தன. ஒரு அம்மா எப்போதும் இடதுபுறமே மென்றாள். வலது கீழ்க்கடைவாயில் பல் போயிருக்கும். ஒரு பையன் சிரிக்கும்போதெல்லாம் கையால் மறைத்தான். வாளையார் தாண்டுவதற்குள் நான் நாலு பேருக்கு மனதுக்குள்ளேயே கேப் செய்து முடித்திருப்பேன். நாற்பது நிமிடம் எப்படிப் போனது என்று தெரியாது.

ஐந்தாம் நாள் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தவர் ஒரு பம்பு செட் கம்பெனியில் வேலை செய்பவர். என் வயதுதான். மேல் கோரைப்பல்லில் தங்க கேப் போட்டிருந்தார், பழைய மாதிரி வேலை, சுத்தமாகச் செய்திருந்தார்கள். அவரிடம் கார் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, வீட்டில் நிற்கிறது என்றார். அப்புறம் ஏன் ரயிலில் வருகிறார் என்று கேட்டதற்கு, பணத்துக்காக என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"கார்ல போனா கம்பெனி போயிச் சேர்றதுக்குள்ளயே ஒரு வேலை பாத்தாச்சுங்க" என்றார். "அதுக்குச் சம்பளமுமில்ல. இதுல ஏறுனா வேற ஒருத்தரு ஓட்டறாருங்க."

அப்படியானால் இதில் கஷ்டமே இல்லையா என்று விடாமல் கேட்டேன். அவர் சிரித்தார். தங்கம் தெரிந்தது. கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தானாகவே தெரியவரும், ஒரு மாதம் ஆகட்டும் என்றார்.

ஒரு மாதம் ஆகவில்லை, பத்தாம் நாளே தெரிந்துவிட்டது. வண்டி கஞ்சிக்கோடு தாண்டிக் காட்டோரம் நின்றது, நின்றபடியே இருந்தது. தண்டவாளத்துப் பக்கம் யானை நிற்கிறது என்று ஒருவர் சொன்னார். பெட்டியில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து சன்னலுக்குப் போனார்கள். யாரும் யானையைப் பார்க்கவில்லை. யானை இல்லை, சிக்னல்தான் என்று இன்னொருவர் சொன்னார். காரணம் எதுவாக இருந்தாலும் நான் லேபுக்குப் போனபோது பதினொன்றரை. பத்து மணிக்கு ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பல் செட் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கடைசி பாலிஷ் நான்தான் போட வேண்டும். அவர் வெறும் வாயோடு டாக்டரிடம் உட்கார்ந்திருந்தார்.

லேப் முதலாளி கோபப்படுகிற ஆள் இல்லை. கார் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார். ஒர்க்ஷாப்பில் நிற்கிறது என்று அதுவரை சொல்லி வைத்திருந்தேன். அன்று உண்மையைச் சொல்லிவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி டெஸ்ட்டா என்று கேட்டுவிட்டு அவர் தன் பர்ஸை எடுத்து, தன்னுடைய லைசென்ஸில் தேதியைப் பார்த்தார். லேபில் இருந்த மற்ற மூன்று பேரும் அவரவர் பர்ஸை எடுத்தார்கள்.

ஆக, மலிவு டிக்கெட்டின் மிச்ச விலை இதுதான். சீட்டு நம் கையில், நேரம் அவர்கள் கையில். அதை நான் மனைவியிடம் சொன்னேன், கண்டுபிடித்துவிட்டேன் என்கிற மாதிரி. அவள் வேறு யோசனையில் இருந்தாள்.

அவளுக்கு நாற்றுத் தொழில். வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டி, தட்டில் மிளகாய், தக்காளி, கத்திரி நாற்று வளர்த்து விற்பாள். வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள். சித்தூரில் இரண்டு உரக்கடைக்காரர்கள் ஆட்டோ வைத்து வந்து மொத்தமாக எடுத்துப் போவார்கள். ஆட்டோ வாடகையைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். இவளாகக் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் மிளகாய் நாற்றுத் தட்டு இருந்தது. பின்னால் இன்னும் ஆறு தட்டு. சீட் மேல் ஈரமண், காலடியில் தேங்காய் நார்த்தூள். பதினைந்து வருடமாகச் செருப்பைத் தட்டிவிட்டு ஏறச் சொல்கிற வண்டி அது.

"இது என்ன புள்ள?"

"மடியில வச்சுக்குங்க. போற வழில ஒரு ஊட்டுல குடுக்கோணும்."

வைத்துக்கொண்டேன். வழியில் அவளே சொன்னாள். மூன்று நாளாக, என்னை விட்ட பிறகு நேரே சித்தூருக்கு ஓட்டிப் போயிருக்கிறாள். முதல் நாள் ஒரு கடைக்கு, அடுத்த நாள் இன்னும் இரண்டு கடைக்கு. கொண்டுவந்து இறக்கியதால் அவள் சொன்ன விலையைத்தான் கொடுத்தார்களாம். சித்தூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் ரிவர்ஸ் எடுத்ததைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் மாறியது. நான் சீட்டில் மண் ஒட்டுவதைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கியர் போட்டாள். வண்டி உதறவில்லை. அதை அப்போதுதான் கவனித்தேன்.

டெஸ்ட் நாள் வந்தது. கேரளத்தில் கார் டெஸ்ட் என்றால் எச். மைதானத்தில் கம்பிகளை நட்டு எச் எழுத்து மாதிரி வழி போட்டிருப்பார்கள். முன்னாலும் பின்னாலும், கம்பியைத் தொடாமல், நடுவில் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். வண்டியும் வழிமுறையும் கொடுத்த டிரைவிங் ஸ்கூல் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு மூன்றாவது கம்பியை மட்டும் பார்க்கச் சொன்னாள். அது கண்ணாடியில் எந்த இடத்தில் தெரியும்போது ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினாள். நான் கேட்டுக்கொண்டேன். இருபது வருடம் ஓட்டியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

எனக்கு முன்னால் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் வரிசையாக ஓட்டிவிட்டுப் போனார்கள். நான் முதல் பாதியை வேகமாக முடித்தேன். பின்னால் வளையும்போது வழக்கம்போலத் தலையை வெளியே நீட்டினேன். கம்பி நெருங்கியது, பழக்கத்தில் பிரேக் போட்டேன், திருத்திக்கொண்டு மறுபடி நகர்ந்தேன். தட்டென்று ஒரு சின்னச் சத்தம்.

"போச்சு, சேட்டா" என்றார் அதிகாரி. "அடுத்த தடவ பாக்கலாம்." கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிப்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் எந்தக் கம்பி என்று கேட்டாள். பின்னால் இடது பக்கம் என்றேன். "நின்னீங்ளா?" நின்றேன் என்று ஒப்புக்கொண்டேன். அவள் எட்டு வருடம் முன்பு முதல் தடவையே எச் போட்டவள். அன்று அவளுக்கு நான் பாராட்டு எதுவும் சொன்னதாக நினைவில்லை.

மறுநாள் நான் ஸ்டேஷனிலிருந்து வந்தபோது தோப்புக்குள் இரண்டு தென்னை வரிசைக்கு நடுவில் மூங்கில் குச்சிகள் நட்டிருந்தன. நாற்றுக்கு வலை கட்ட வைத்திருந்த குச்சிகள். காலால் அடி வைத்து அளந்து, சணல் கயிறு கட்டி, எச் போட்டிருந்தாள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஏறுங்க என்றாள். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

முதல் தடவை இரண்டு குச்சியைச் சாய்த்தேன். இரண்டாம் தடவை ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவள் இறங்கிப்போய் நட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை நான் எரிச்சலில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, சாலையில் எங்கே கம்பி நட்டிருக்கிறார்கள், இது என்ன ஓட்டு என்று கேட்டேன்.

"நீங்க ஓட்டறது ரோட்டுக்குச் செரிங்க" என்றாள். "இது மெதுவா ஓட்டத் தெரியுமான்னு பாக்கறது. கிளட்ச்ச முழுசா உடாதீங்க. பாதில வச்சு வண்டிய அதுபாட்டுக்கு வர உடுங்க."

"கத்தாமச் சொல்லித் தர்றயே" என்றேன்.

"கத்துனா எனக்கு வரல. உங்களுக்கு மட்டும் வந்துருமாக்கும்?"

கிளட்சைப் பாதியில் வைத்தேன். கார் தானாக ஊர்ந்தது. கண்ணாடியில் மூன்றாவது குச்சி வந்தது, ஸ்டியரிங்கை ஒடித்தேன். சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு குச்சியும் சாயவில்லை. ஏழெட்டு நாள் சாயங்காலம் இதுதான் வேலை. அக்கம்பக்கத்தார் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் தடவை தேறிவிட்டேன். ரோடு டெஸ்ட் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த வாரமே ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். முதல் சீசன் முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒரே தூரத்தை இரண்டு விதமாகவும் பார்த்தவன் என்ற முறையில் சரிபார்க்க ஆசை. காலையில் இருபது நிமிடம் மிச்சமானது. நினைத்த நேரத்துக்குக் கிளம்பினேன், பாட்டு கேட்டேன், நின்று டீ குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சாயங்காலம் உக்கடத்து நெரிசலைத் தாண்டுவதற்குள் அந்த இருபது நிமிடமும் போய், மேலும் அரை மணி போனது. முன்னால் ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பம்பு செட்காரர் இந்நேரம் தூங்கி எழுந்து இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் வலைக்குக் கீழே தட்டுகள் அப்படியே இருந்தன. சித்தூருக்குக் கொடுக்க வேண்டிய தக்காளி நாற்று. ஆட்டோ சொல்லியிருந்தாளாம், வரவில்லை. அவள் புகாராகச் சொல்லவில்லை. நாளைக்குள் போகாவிட்டால் உயரம் போட்டுவிடும், கடைக்காரர் எடுக்கமாட்டார் என்றாள். நான்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலேயே சாவியை எடுத்துப் போயிருந்தேன். பதினைந்து வருடப் பழக்கம்.

பெட்ரோல், டோல், சீசன் என்று ஒரு மாதமாக நான் போட்ட கணக்கில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. காரை நான் ஓட்டிப்போனால் அது நாள் முழுக்க லேபுக்குப் பின்னால் ஒரு சுவரோரம் வெயிலில் நிற்கும். அவள் வைத்திருந்தால் மூன்று ஊர் போய்வரும். மறுநாள் காலை சாவியை அவளிடம் கொடுத்து, ஸ்டேஷனில் விடச் சொன்னேன். ஏனென்று அவள் கேட்கவில்லை. இன்றைக்கு மழை வரும்போலிருக்கிறது, குடை எடுத்தீர்களா என்று கேட்டாள்.

இப்போது மூன்று மாத சீசன் எடுக்கிறேன். அதில் இன்னும் கொஞ்சம் குறைவு. ஓட்டுவதைவிட இது மேலா என்று லேபில் கேட்கிறார்கள். பணத்தைப் பார்த்தால் பேச்சே இல்லை. ரயில் நடுவழியில் நின்றுபோகிற நாளில் கேட்டால் வேறு பதில் சொல்லுவேன். அவசர வேலை இருக்கும் நாட்களில் முந்தின நாளே மனைவியிடம் சொல்லிவைத்து கார் எடுக்கிறேன். மாதத்தில் இரண்டு தடவை, அதிகம் போனால் மூன்று. திருப்பிக் கொடுக்கும்போது பெட்ரோல் போட்டுக் கொடுக்கச் சொல்கிறாள்.

போன வாரம் அவள் ஒரு சின்னச் சரக்கு வண்டியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தாள். பழையதுதான், கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் விற்கிறார். பின்னால் நாலு அடுக்காகத் தட்டு வைக்கலாமாம். இருவரும் போய்ப் பார்த்தோம். அவள் ஓட்டிப் பார்த்தாள், நான் டயரைப் பார்த்தேன். திரும்பி வரும்போது கேட்டாள்.

"அது வந்துட்டா காரு சும்மாதான நிக்கும். நீங்க எடுத்துட்டுப் போவீங்ளா?"

சீசன் இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, அதற்குள் சொல்கிறேன் என்றேன்.